கூட்டம் என்று ஒரு வரி

கண்ணு,

அடுத்த மாதம் நீ புனேயை விட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடுகிறாய் என்று உன் அம்மா சொன்ன நாளிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிற ஆள் என்பது உனக்குத் தெரியும். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. இந்த நான்காவதைக் கிழிக்கப் போவதில்லை. ஏனென்றால் சொல்வதற்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் அந்தச் சேதிக்கு முன்னால் என் தப்பு ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

நம் சேவைச் சங்கம் மூடப்படவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ பதற்றமில்லாமல் படிக்கலாம். நேற்றுப் பதவியேற்பு விழாவில் அறுபத்து நான்கு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போதாமல், இரவல் கொடுப்பதற்காக வைத்திருந்த வீல்சேர்களிலும் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். போன வருடம் பொங்கல் கழிந்தபோது நாங்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர், நாங்கள் கூடுகிற கல்யாண மண்டபத்து மாடிக்குப் படியேற முடியாதவர்கள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் சங்கத்தின் தகரக் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். தலைப்பக்கம் தூக்கி வைக்கிற இரும்புக் கட்டில், வீல்சேர், வாக்கர், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. யார் வீட்டில் யார் படுக்கையில் விழுந்தாலும் வந்து கேட்கலாம், கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் திருப்பித் தரலாம். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் ஆகையால் புத்தகத்துக்குப் போடுவது போலவே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். க என்றால் கட்டில், வீ என்றால் வீல்சேர். நீ சின்ன வயதில் இதைக் கேலி செய்து, அம்மாவின் குக்கரில் 'கு-1' என்று சீட்டு ஒட்டி வைத்தாய். அந்தச் சீட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் எங்கள் மாவட்டத் தலைமையிடமிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாத முடிவுக்குள் உறுப்பினர் எண்ணிக்கை இருபதைத் தொடாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட்டுக் கொட்டகைச் சாமான்களை வேறு ஊர்ச் சங்கத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சங்கம் போனால் போகட்டும், க-14 எந்த வீட்டில் இருக்கிறது, வீ-3க்கு எந்தச் சக்கரம் இழுக்கும் என்று வேறு ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? முதலில் தோன்றியது அதுதான். சின்ன கவலைதான். பெரிய கவலைகள் எனக்கு எப்போதும் சின்ன உருவத்தில்தான் வரும்.

ஆள் சேர்க்க நாங்கள் முயலாமல் இல்லை. பல வருடமாகவே பேனர் கட்டினோம், ரத்த தான முகாமில் மேஜை போட்டு உட்கார்ந்தோம், காப்பி கொடுத்தோம். ஜனங்கள் வந்தார்கள், சேர்க்கைப் பாரத்தை வாங்கினார்கள், "கொண்டாந்து தாரோமுங்க" என்றார்கள், போனார்கள். பாரம் மட்டும் திரும்பி வரவில்லை. தலைவர் துரைசாமி மாமாவை உனக்குத் தெரியும், எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். "சேவ மனசு போயிருச்சுங்க செயலாளரே, எழுதிக்குங்க" என்றார். நானும் அதை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் ஒரு அம்மா க-14ஐ ஆட்டோவில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டிலைத் துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கட்டிலில் தலைப்பக்கத்தைத் தூக்குகிற கைப்பிடி ரொம்ப நாளாகச் சுற்றாது. 'கைப்பிடி பழுது' என்று நானே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் ஒரு விரலால் சுற்றிக் காட்டினார்.

"என்ற பையன் கழட்டிச் சரி பண்ணிப்போட்டானுங்க. இனி யாரு படுத்தாலும் செரமம் இருக்காது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஜையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினேன். "இந்த மாதிரி கைவேல தெரிஞ்ச ஆளு சங்கத்துக்கு வேணுமுங்கம்மா. உங்க பையன்கிட்டக் குடுங்க."

அவர் பாரத்தைப் பார்த்தார், சிரித்தார். துக்க வீட்டுக்காரர் சிரித்தால் நாமும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் நின்றேன்.

"இன்னமும் இதே பாரந்தானுங்களா? என்ற பையன் ஸ்டீபன் ஒருக்கா வாங்கிட்டு வந்தானுங்களே. உங்க பையனோட படிச்சவன்."

கட்டிலைப் பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயரில் எழுதியிருந்ததால், அப்போதுதான் எனக்கு ஆள் தெரிந்தது. ஸ்டீபனின் அம்மா ஆரோக்கியம். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபனைச் சங்கத்துக்கு அழைத்து வந்தாயே, அவன் பாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனானே, அந்த ஸ்டீபன்.

"ஏன் திருப்பித் தரலீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் உக்காந்து எழுதுனமுங்க. பேரு எழுதியாச்சு, ஊரு எழுதியாச்சு. அதுக்குக் கீழ கூட்டம்னு இருந்துது. நாங்க அன்னூர்ப் பக்கம் தோட்டத்துல கூலிக்குப் போனவிய. எங்களுக்கு ஏதுங்க கூட்டம்? 'ஏம்மா, ஞாயித்துக்கெழம ஜெபக் கூட்டம்னு எழுதிப்போடட்டுமா'ன்னான். சிரிச்சு சிரிச்சு வயிறு நொந்து போச்சு. அப்பறம் மடிச்சு வெச்சுட்டான். அரிசி டின்னுக்கு அடியில ரொம்ப நாளு கெடந்துதுங்க அந்தப் பாரம்."

சொல்லிவிட்டு, கட்டிலுக்கான கையெழுத்தைப் போட்டுவிட்டு, அதே ஆட்டோவில் போய்விட்டார்.

புனேயில் வளர்ந்த உன் பிள்ளைகள் இதை என்றாவது படித்தால் விளங்காது என்பதற்காக விவரமாக எழுதுகிறேன். எல்லா ஊரிலும் கூட்டம் என்றால் நாலு பேர் கூடிப் பேசுவது. நம் பக்கத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நம் சனத்தில், அதாவது நம் சாதியில், குலத்துக்குக் கூட்டம் என்று பெயர். "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டால், உங்கள் குலதெய்வம் எது, நீங்கள் எனக்குப் பங்காளியா, மாமன் மச்சான் முறையா என்று கேட்பதாக அர்த்தம். பதில் சொல்லக் கூட்டப் பெயர் இருப்பவனுக்கு அது அன்பான கேள்வி. இல்லாதவனுக்கு அது சாத்தின கதவு.

நான் அந்த வரியைக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அப்போது சங்கம் முதல் ஞாயிறு ஒன்று, மூன்றாம் ஞாயிறு ஒன்று என்று இரண்டு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. யார் எதற்கு வருவார்கள் என்று தெரிந்தால் சாப்பாட்டுக்குச் சொல்ல வசதி. அதனால் 'கூட்டம்' என்று எழுதி ஒரு கோடு போட்டேன். இதுவரைக்கும் சொன்னால் நான் உத்தமன். ஆனால் மிச்சத்தையும் நீ கேட்க வேண்டும். முதலில் நிரம்பி வந்த பாரம் துரைசாமி மாமாவுடையது. அந்தக் கோட்டில் அவர் தன் கூட்டப் பெயரை எழுதியிருந்தார். அடுத்து வந்தவரும் அப்படியே. எல்லோரும் அப்படியே. 'மூன்றாம் ஞாயிறு' என்று எழுதப்பட்ட பாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது. அன்றைக்கே அந்த வரியைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. அதே பாரத்தைத்தான் திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தேன்.

ஏன் என்று யோசித்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது, கண்ணு. புது மனிதரிடம் என்ன பேசுவது என்று எனக்கு எந்த வயதிலும் தெரிந்ததில்லை. பாரத்தில் கூட்டத்தைப் பார்த்தால் இவர் பங்காளி, அவர் மாமன் முறை என்று தெரிந்துவிடும். உடனே கூப்பிட ஒரு வார்த்தை கிடைத்துவிடும், பேச்சு தானாக நடக்கும். என் கூச்சத்துக்கு ஒரு கைத்தடி வேண்டியிருந்தது. அந்தக் கைத்தடி வாசலுக்குக் குறுக்கே கிடந்ததை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நீ புனேக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டாய். "ஏனுங்கப்பா, அந்தச் சங்கத்துப் பாரத்த எழுதுனது யாருங்க?" நான் பெருமையோடு "நான்தான், ஏன்?" என்றேன். "சும்மா கேட்டேனுங்க" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ விடுமுறைக்கு வந்தும் நீ கொட்டகைப் பக்கம் வரவில்லை. வேலை அசதி என்று அம்மாவிடம் நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சங்கத்தில் எழுந்து பேசும் தைரியம் எனக்கு இல்லை என்பதும் உனக்குத் தெரியும். இத்தனை வருடச் செயலாளர் வேலையில் நான் வாய் திறப்பது ஒரே இடத்தில்தான், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும்போது. எழுதியிருப்பதை வாசிப்பேன், உட்கார்ந்துவிடுவேன். அதனால் ஒரு வழி செய்தேன். என் தப்பைக் குறிப்பிலேயே எழுதிவிட்டேன். 'செயலாளர் சேர்க்கும் குறிப்பு' என்று தலைப்பிட்டு, அந்த வரி எப்படி வந்தது, யார் எதை எழுதினார்கள், ஆரோக்கியம் அம்மா என்ன சொன்னார், ஆகவே பாரங்கள் திரும்பாததற்குச் சேவை மனசு காரணமல்ல, செயலாளரே காரணம் என்று வரிசையாக எழுதினேன். எழுதியதை வாசித்துத்தானே ஆக வேண்டும்? வாசித்தேன். முடித்ததும் வழக்கம்போல உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். துரைசாமி மாமாதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க செயலாளரே, கூட்டத்துல உக்காந்துட்டு கூட்டத்தப் பத்தியே பேசறீங்களா? சரி, அந்த வார்த்தைக்குப் பதிலா என்னன்னு போடறது?"

"சந்திப்புன்னு போடலாமுங்க" என்றேன்.

"சந்திப்புன்னா கோயம்புத்தூர் ஜங்சன் மாதிரி இருக்குதுங்க. அப்பறம் வாரவிய எந்த பிளாட்பாரம்னு கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பழைய உறுப்பினர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கூட்டங் கேக்காம எப்படிங்க பழகறது? யாரு என்னன்னு தெரிய வேண்டாமுங்களா? பாரத்துல அழிச்சுப்போடலாம், வாயில வாரத என்ன பண்ணுவீங்க?"

என் தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. சங்கத்தில் முதல் முறையாகத் தாள் இல்லாமல் எழுந்து பேசினேன்.

"எனக்கும் அதே பயந்தானுங்க. மொற தெரியாத ஆளுகிட்ட என்ன பேசறதுன்னு எனக்குந் தெரியாதுங்க. ஆனா க-14 கைப்பிடிய ஒரு ஆளு சரி பண்ணியிருக்கறானுங்க. 'இத எப்படித் தம்பி பண்ணுனீங்க'ன்னு அவன்கிட்டக் கேக்கலாமுங்களே. பேச்சு அங்கிருந்து நடக்காதுங்களா?"

துரைசாமி மாமா மேஜையைத் தட்டினார். "எழுதுங்க செயலாளரே. கூட்டம்ங்கற வரியெத் தூக்கிட்டு 'கைக்குத் தெரிந்த வேலை'ன்னு போடுங்க. எனக்கு ஒரு வேலையுந் தெரியாது, தலைவர் வேல தவிர. அதனால மொத பாரம் நானே புதுசா எழுதித் தாரேன்." அப்படியே எழுதியும் தந்தார். அந்தக் கோட்டில் 'நன்றாகக் காப்பி போடுவேன்' என்று இருந்தது. எழுந்து நின்ற உறுப்பினர் மறுநாள் விலகல் கடிதம் அனுப்பினார். பதினொன்று பத்தாகிவிட்டது. வெற்றிக் கதையில் இப்படி ஒரு இடம் வரும் என்று உனக்குச் சொல்லி வைக்கிறேன். கதவைத் திறந்ததும் முதலில் ஒருவர் வெளியேதான் போனார்.

புதுப் பாரத்தோடு ஸ்டீபனின் மோட்டார் வைண்டிங் பட்டறைக்குப் போனேன். போனேன் என்றால், வாசலைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாங்கப்பா, மூணாவது ரவுண்டு வெயில்ல எதுக்கு?"

செம்புக் கம்பிச் சுருளை நகர்த்திவிட்டு ஸ்டூல் போட்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்துகொண்டு போன நாலு வாக்கியத்தில் இரண்டுதான் வந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"நான் அத எப்பவோ சிரிச்சு முடிச்சுட்டனுங்கப்பா. உங்க பையன்தான் முடிக்கல. அன்னிக்கு என்னெக் கூட்டிட்டு வந்தவன் அவன், அதனால அவனுக்குத்தான் அவமானமாப் போச்சு. அவன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அவன்கிட்டச் சொல்லுங்க. எனக்கு முந்தி எங்கம்மாவச் சேத்துங்க. ஆளுகளத் தெரிஞ்சவிய அவங்கதான்."

அவன் சொன்னது உண்மைதான். ஆரோக்கியம் அம்மா மில் கேன்டீனில் இருபது வருடம் சோறு போட்டவர். யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் சாமான்களுக்கு எண் வைத்திருந்தேன், அவர் மனிதர்களை ஞாபகம் வைத்திருந்தார். அவர் சேர்ந்த வாரமே ஒன்றைச் சொன்னார். "ஞாயித்துக்கெழம காலைல வெச்சா நாங்க கோயிலுக்குப் போறதா, இங்க வாரதா? கல்யாண மண்டபத்து மாடில வெச்சா, அது ஒரு சனத்து மண்டபம்னு ஊருக்கே தெரியும், யாருங்க மேல ஏறுவா?" அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம், தகரக் கொட்டகை என்று மாறியது. கோட்டைமேட்டிலிருந்து மெத்தை வியாபாரி ஜாபர் பாய் வந்தார், கைக்குத் தெரிந்த வேலை: மெத்தை தைப்பது. நம் காற்று மெத்தைகளைத் தட்டிப் பார்த்து, "இதுல படுத்தா நல்லா இருக்கறவனுக்கும் நோவு வந்துருமுங்க" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் ஒட்டுப்போட்டுத் தந்தார். பீளமேட்டுக் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் எழுதியது: பைக் ஓட்டுவது. வாக்கர்களை அவர்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். அன்னூரிலிருந்து பஸ் ஏறி ஒருவர் வருகிறார், வேலை: முடி வெட்டுதல். படுக்கையில் கிடப்பவர்களுக்கு முகம் மழித்துவிட யாருமில்லை என்பது இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஜூன் முடிவில் இருபத்து மூன்று. தலைமைக்கு எண்ணிக்கையை எழுதி அனுப்பியபோது துரைசாமி மாமா என் முதுகில் தட்டினார். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது, கவலைப்படவில்லை. விலகிப் போனவரும் ஆறு மாதம் கழித்து ஒரு வீல்சேர் கேட்டு வந்தார், அவர் மனைவிக்கு. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு அவர் காரில் ஏற்றிவிட்டவன், அதற்குள் உறுப்பினராகியிருந்த ஸ்டீபன். அவர் வாய் அந்தக் கேள்விக்குப் பழக்கப்பட்டது, "தம்பி, நீங்க எந்த..." என்று ஆரம்பித்துவிட்டார். நிறுத்தினார். "...எந்த எண்ணெ போட்டீங்க?" என்று முடித்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இப்போது அவரும் திரும்பி வந்துவிட்டார்.

நாளைக்கு நீயும் ஒரு ஆபீஸில் நாலு பேருக்கு மேலதிகாரியாக உட்காரலாம். ஏதாவது ஒரு பாரத்தையோ விதியையோ நீ எழுத நேரும். எழுதினதும் உன்னைப் போன்றவனிடம் காட்டாதே, அவன் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வான். உனக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல். அவர் பேனா எந்த இடத்தில் நிற்கிறது என்று பார். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான், இதையும் ரொம்ப தாமதமாகத்தான் கற்றேன்.

நேற்றுத் தகரக் கொட்டகையில் சீரியல் விளக்குப் போட்டு, புதுத் தலைவர் பதவியேற்றார். துரைசாமி மாமா தன் கழுத்திலிருந்த தலைவர் பட்டையைக் கழற்றி ஆரோக்கியம் அம்மாவின் கழுத்தில் போட்டார். "கனமா இருக்குதுங்களே" என்றார் அந்த அம்மா. "அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிருமுங்க, கழட்டறதுதான் கஷ்டம்" என்றார் மாமா. அறுபத்து நான்கு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், வீல்சேரில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து தட்டினார்கள். தெருவில் போன ஒருவர் அதைப் பார்த்து, என்ன அற்புதமோ என்று மிரண்டு நின்றார். நடவடிக்கைக் குறிப்பில் நான் 'பலத்த கைதட்டல்' என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் 'பலத்த' என்ற சொல்லை நான் எழுதியது இதுதான் முதல் முறை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பாரம் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். உன் பெயரை நான் எழுதவில்லை, அது உன் வேலை. அறிமுகம் செய்பவர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட இருந்தேன். ஸ்டீபன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். "அன்னிக்கு அவன் என்னெக் கூட்டிட்டு வந்தான். இன்னிக்கு நான் அவனக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி அவனே போட்டான். அதற்குக் கீழே தலைவர் கையொப்பம், ஆரோக்கியம். அந்த அம்மா எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்ட கையெழுத்து, கோட்டை விட்டு இறங்காமல் நேராக நிற்கிறது.

மிச்சம் இருப்பது உன் பெயரும் இன்னொரு கோடும்தான். கைக்குத் தெரிந்த வேலை என்ன என்று யோசித்து எழுது. காலியாக விட்டால் பாரம் திரும்பி வந்துவிடும், செயலாளர் அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். நீ ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவரும் ஸ்டீபனும் கொட்டகை வாசலில் உனக்காக நின்றுகொண்டிருப்பார்கள்.

உன் அப்பா